பூனையைப் பிடிக்கும் கைக்கு ஊசி போட்டாயிற்றா?

வாயில் எச்சில் வடிய, விழுங்க முடியாமல், குரல் மாறிப்போய் ஒரு பூனை கிடந்தால் கல்முனைக் கரையோரத்தில் முதலில் நினைவுக்கு வருவது மீன்முள். அதில் பிழை சொல்ல முடியாது. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடலை ஒட்டிக் கிடக்கிற ஊர்களில் பூனைகள் வளர்வதே மீன் கழுவும் இடத்தில்தான். "தொண்டையில முள்ளுச் சிக்கிட்டு போல தம்பி, ஒருக்காப் பாருங்க" என்று அட்டைப்பெட்டியிலோ உரப்பையிலோ போட்டுக் கொண்டுவருவார்கள். மிருக வைத்தியர் உள்ளே பார்க்க வேண்டுமானால் யாராவது வாயைத் திறந்து பிடிக்க வேண்டும். பிடிப்பவர் உதவியாளர். உடம்பைத் துவாயால் சுற்றி மேசையோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மற்றக் கையின் விரல் நுனியைக் கீழ்வரிசை முன்பற்களில் வைத்துத் தாடையை இறக்குவார். அந்த நேரம் விரல் முழுக்க எச்சில். முதல்நாள் வேறொரு பூனை கீறிய கோடு அதே விரலில் இன்னும் ஆறாமல் இருக்கக்கூடும்.

அநேகமான நாட்களில் உள்ளே முள் இருக்கும். இல்லாவிட்டால் சொத்தைப் பல்லோ வாய்ப்புண்ணோ இருக்கும். ஒன்றுமே இல்லாத நாளைப் பற்றியதே இந்த எச்சரிக்கை.

விசர், அதாவது நீர்வெறுப்பு நோய், பிடித்த மிருகம் என்றால் வெறியோடு ஓடிவந்து கடிப்பதைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். பூனைகளில் அந்த வெறி வடிவமே கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் இன்னொரு வடிவம் இருக்கிறது. மிருகம் அடங்கிப் போகும்; கட்டிலுக்குக் கீழே, அலுமாரி மூலையில் ஒளியும்; தாடையும் தொண்டையும் செயலிழக்கும்; எச்சிலை விழுங்க முடியாததால் அது வெளியே வழியும். பார்க்கிறவருக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது போலவே இருக்கும். எலும்போ முள்ளோ சிக்கியதாக நினைத்து வாய்க்குள் கைவிடுவது நீர்வெறுப்பு நோயில் நடக்கும் பழைய, நன்கு அறியப்பட்ட தவறு. அந்த எச்சிலில் வைரஸ் இருக்கிறது. நோய்க்குறி தெரியத் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பே அது எச்சிலுக்கு வந்துவிடுகிறது. கடித்த நாயையும் பூனையையும் 10 நாள் கவனிக்கும்படி உலக சுகாதார நிறுவனமும், 14 நாள் கவனிக்கும்படி இலங்கையின் வழிகாட்டலும் சொல்வது இதனால்தான். இன்றைக்குச் சும்மா சோம்பிக் கிடக்கிற பூனை நாளைக்கு என்ன ஆகும் என்று மேசையில் வைத்துப் பார்த்துச் சொல்ல எந்த டொக்டராலும் முடியாது.

நம் ஊர்களில் இந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் போவதற்குத் தனியான ஒரு காரணம் உண்டு. பூனையின் வாய் பட்ட தண்ணீர் அசுத்தமாகாது என்பது நபிமொழி வழியாக வந்த சட்டம். அபூஹுறைறா என்ற நபித்தோழரின் பெயரே பூனைக்குட்டியோடு சேர்ந்தது. பள்ளிவாசல் விறாந்தையில் பூனை படுத்திருந்தால் யாரும் விரட்டுவதில்லை. நாய் நக்கினாலோ ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால், கழுவ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே நாயின் ஈர மூக்கு சாரனில் பட்டாலே வீடு பதறுகிறது. பூனை விரலில் ஆழப் பல் பதித்தால் உம்மா சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டுச் சமையலைப் பார்க்கிறார். சட்டம் சொன்னது தொழுகைக்கான சுத்தத்தை. காயத்துக்குள் போகும் கிருமியைப் பற்றி அது பேசவில்லை. இரத்தம் வந்த கையைக் கழுவ வேண்டாம் என்று எந்த ஆலிமும் சொல்லமாட்டார். பூனை மேல் உள்ள அன்பு நல்ல அன்பு, அது குறையவும் வேண்டாம். அந்த அன்பை நோய்க்கு எதிரான உத்தரவாதமாக எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

இலங்கையில் நீர்வெறுப்பு நோயால் 1973ஆம் ஆண்டில் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி, கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவச ஊசி என்று பல பத்தாண்டுகள் உழைத்து, அண்மைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 20க்கும் 30க்கும் அருகே வந்திருக்கிறது. இது பெரிய சாதனை. அந்த இருபது முப்பது பேரில் பெரும்பாலோரின் சாவைத் தவிர்த்திருக்கலாம் என்பதும் உண்மை. கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பரிசோதனைக்கு வரும் மிருகத் தலைகளில் நோய் உறுதியாவதில் நாய்க்கு அடுத்த இடம் பூனைக்கு. தெருநாயோடும் கீரியோடும் சண்டை போட்டுவிட்டு விடியற்காலையில் கூரை வழியாக இறங்கி வீட்டுக்குள் வந்து படுக்கிற மிருகம் அது. நாயை வீட்டுக்குள் விடாத ஊரில் அந்த நோய் வீட்டுக்குள் வர வழி பூனை.

உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள். 99 வீதமான மனிதத் தொற்றுக்குக் காரணம் நாய். பூனையின் பங்கு சிறிதுதான். சிறிய பங்கிலும் ஆள் சாகிறார். 2018இல் பிரித்தானியாவைச் சேர்ந்த ஒருவர் மொரோக்கோவுக்குப் போன இடத்தில் பூனை கடித்து, நாடு திரும்பியபின் நீர்வெறுப்பு நோயால் இறந்தார். பிரித்தானியச் சுகாதாரத் துறையே அதை அறிவித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் நோர்வேயில் 24 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். அவர் பிலிப்பைன்ஸுக்குச் சுற்றுலா போயிருந்தபோது தெருவோரத்தில் கண்ட நாய்க்குட்டியைத் தூக்கிவந்து, குளிப்பாட்டி, அதோடு விளையாடியவர். குட்டி விளையாட்டாகக் கடித்ததில் சிறு சிறு கீறல்கள். அவற்றைத் தானே மருந்து போட்டுச் சுத்தம் செய்தார். தையல் போடும் அளவுக்குக் காயம் இல்லாததால் வைத்தியரிடம் போகவில்லை. அவர் இறந்தது தான் வேலை செய்த அதே வைத்தியசாலையில். சுகாதாரத் துறையில் வேலை செய்த ஒருவருக்கே அந்தக் கீறல் பொருட்டாகத் தெரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த நோயின் அவசரம் தெரியாததற்குக் காரணம் அதன் நிதானம். கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல ஊர்ந்து மூளைக்குப் போகும். வழமையாக இரண்டு மூன்று மாதம். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அதற்குள் புண் ஆறி, தழும்பும் மங்கி, கடித்த பூனையின் நிறம்கூட மறந்துபோகும். பிறகு காய்ச்சல், கடிபட்ட இடத்தில் ஒரு விறைப்பு, தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுப்பது. அந்தக் கட்டம் வந்தபின் காப்பாற்ற மருந்து இல்லை. உலகத்தில் தப்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நரம்புகள் நெருக்கமாக இருக்கிற இடங்களில், அதாவது முகம், கழுத்து, கை ஆகியவற்றில் படும் கடி கூடுதல் ஆபத்தானது. மிருக வைத்திய உதவியாளருக்குக் கடி படுவது எங்கே? விரலில், மணிக்கட்டில், முன்கையில், குனிந்து பிடிக்கும்போது கன்னத்தில்.

நம் ஊரில் இந்த வேலைக்கு வருகிறவர்கள் யார் என்று பார்ப்போம். அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் மாடு, ஆடு, கோழியை மையமாக வைத்து உருவானவை. நாய், பூனைக்கான தனியார் கிளினிக்குகள் நகரங்களில் பெருகியது பின்னால் வந்த மாற்றம். இந்தக் கிளினிக்குகளுக்கு வைத்தியர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க மிருக வைத்தியர் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்டு வருகிறார். உதவியாளராக வருகிற பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும். அல்லது பூனை மேல் பிரியத்தால் வரும். அல்லது கட்டாரிலோ துபாயிலோ செல்லப்பிராணிக் கடையில் வேலை கிடைக்கும், அதற்கு முன் கொஞ்சம் பழகிக்கொள்வோம் என்று வரும். கூடு கழுவுவதில் தொடங்கி, பிடிப்பது, ஊசி மருந்தை இழுத்துக் கொடுப்பது, சத்திரசிகிச்சைக்கு மயிர் சிரைப்பது, மயக்கத்திலிருந்து எழும் நாயைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது என்று வேலை ஏறிக்கொண்டே போகும். எல்லாம் பார்த்துப் பழகுவது.

அமெரிக்காவில் இதே வேலைக்கு இரண்டு வருடப் படிப்பும், தேசிய மட்டப் பரீட்சையும், பல மாநிலங்களில் அரச உரிமமும் உண்டு. அவசர சிகிச்சையில் சிறப்புத் தகுதி தரும் உதவியாளர் அமைப்பு அங்கே 1996இலேயே அங்கீகாரம் பெற்றது. அந்தப் படிப்பையும் பட்டத்தையும் நாளைக்கே இங்கே கொண்டுவர முடியாது. அந்த நாட்டில் மிருக வைத்தியருக்கும் உதவியாளருக்கும் பரிந்துரைக்கப்பட்டிருக்கிற ஒன்றை மட்டும் நாளைக்கே கொண்டுவரலாம். அது கடிபடுவதற்கு முன்பே போடும் விசர்நோய்த் தடுப்பூசி.

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு லூயி பாஸ்டர் முதல் ஊசியைப் போடுவித்தது 1885 ஜூலை 6ஆம் திகதி. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த மருந்து இப்போது பாவனையில் இல்லை. இப்போதைய மருந்து புயத்தில் போடுவது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி முன்கூட்டிய பாதுகாப்புக்கு இரண்டு தடவை போனால் போதும்: முதல் நாள், பிறகு ஏழு நாள் கழித்து. அதைப் போட்டவரைப் பிறகு மிருகம் கடித்தால், காயத்தைச் சுற்றி ஏற்றும் எதிர்ப்புரத மருந்து அவருக்குத் தேவைப்படாது; இரண்டு ஊசி மட்டும் போதும். எதிர்ப்புரத மருந்து எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் கிடைப்பதல்ல. குதிரையின் குருதியிலிருந்து எடுத்தது சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும் என்பதால் கண்காணித்தே ஏற்றுவார்கள். அந்தக் கட்டத்தையே தவிர்க்க முடிகிறது என்பதுதான் முன்கூட்டிய ஊசியின் பெரிய பலன்.

கிளினிக் நடத்துகிற வைத்தியர்கள் பெரும்பாலும் தங்களுக்கு இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள். படிக்கிற காலத்திலேயே அதன் தேவை அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் நின்று தலையைப் பிடிக்கிற பிள்ளைக்கு அது போடப்பட்டதா என்று கேட்டால் பதில் தடுமாறுகிற இடங்கள் உண்டு. பல் இருக்கிற பக்கத்தில் நிற்பவர் உதவியாளர்தான். அவருடைய இரண்டு ஊசிக்கான செலவை, கையுறைக்கும் துவாய்க்கும் கொடுப்பது போல, கிளினிக்கே ஏற்க வேண்டும். வேலையில் நிலைப்பாரா, ஒரு மாதத்தில் போய்விடுவாரா என்று பார்த்துவிட்டுப் போடலாம் என்ற கணக்கு தவறானது. பிடிக்கத் தெரியாத முதல் மாதத்தில்தான் கூடுதலாகக் கடிபடுவார்.

நீர்வெறுப்பு நோயை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் பூனைக் கடி சின்ன விடயம் அல்ல. நாயின் பல் சதையைக் கிழிக்கும். காயம் பயங்கரமாகத் தெரியும். ஆள் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். பூனையின் பல் மெல்லியது, கூரியது. ஊசி ஏற்றுவது போல மூட்டுவரை, தசைநார் உறைவரை இறங்கிக் கிருமியை வைத்துவிட்டு வெளியே வரும். மேலே இரண்டு புள்ளி மட்டும் தெரியும். அதுவும் சில மணித்தியாலத்தில் மூடிவிடும். பூனைகளின் வாயில் பரவலாகக் காணப்படும் பாஸ்டுரெல்லா என்ற பக்டீரியா அதற்குக் கீழே பெருகத் தொடங்கும். இரவு படுக்கும்போது லேசான வலி, விடியும்போது விரல் மடங்காது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2009 முதல் 2011 வரை கையில் பூனை கடித்து வந்த 193 பேரைப் பற்றிய ஆய்வு 2014இல் வெளிவந்தது. அவர்களில் 57 பேரை வைத்தியசாலையில் தங்கவைக்க வேண்டி வந்தது. 38 பேருக்குக் கையைத் திறந்து கழுவிச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. கடிபட்டதிலிருந்து வைத்தியரிடம் வருவதற்குள் சராசரியாக ஒரு நாளுக்கும் மேல் போயிருந்தது. கைவேலை செய்து பிழைக்கிறவருக்கு, நெசவுத் தறியில் உட்கார்கிற மருதமுனைக்காரருக்கு, விரல் மூட்டு விறைத்துப்போவது என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாயின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். வெறும் காலோடு கூடு கழுவக்கூடாது. எக்ஸ்ரே எடுக்கும்போது மிருகத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பதை வழக்கமாக்கக்கூடாது; ஈய அங்கி சிதறிவரும் கதிரைத்தான் தடுக்கும், நேர்க்கதிருக்குள் நீட்டிய விரலை அது காப்பாற்றாது. முடிந்தவரை மயக்கம் கொடுத்து, மணல் மூட்டையால் அணைவைத்து எடுக்க வேண்டும். மயக்க வாயு அறைக்குள்ளேயே நிறைந்து நிற்கிற கிளினிக்கில், அதுவும் ஏசி போட்டு யன்னல் சாத்திய அறையில், கர்ப்பிணிப் பெண் வேலை செய்யக்கூடாது. கர்ப்பிணிகள் பயப்படும் பூனைக் கழிவுக் கிருமியான டொக்சோபிளாஸ்மாவுக்குப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை; கழிவு வெளிவந்து ஒரு நாளாவது கடந்தபின்பே அது தொற்றக்கூடியதாகிறது. தினமும் வேறொருவர் மணல்தட்டைச் சுத்தம் செய்தால் போதும்.

கிளினிக்கில் பழகிய பிள்ளைக்கு அயலில் 'குட்டி டொக்டர்' என்ற பெயர் வந்துவிடுகிறது. பூனைக்குக் காய்ச்சல் என்றால் இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். அதிகம் நடக்கிற தவறு பனடோல். ஒரு வில்லையில் 500 மில்லிகிராம் பரசிட்டமோல் இருக்கிறது. அதை உடைத்து அப்புறப்படுத்தும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லாததால் அரை வில்லையே வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். முரசு கபில நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். அந்த நிலையில் மறுபடி வாயைத் திறந்து பார்க்கிறவர் யார்? அதே பிள்ளை, இந்தத் தடவை கையுறைகூட இல்லாமல், வீட்டுத் திண்ணையில். பதிவுபெற்ற வைத்தியர் அல்லாத ஒருவர் மருந்து சொல்வது சட்டப்படியும் தவறு. அதைவிட, கூடும் துவாயும் ஆளும் இல்லாத இடத்தில் நோயுள்ள பூனையைத் தொடுவது அவருக்கே ஆபத்து.

இனிச் செய்ய வேண்டியது. கடியோ கீறலோ பட்ட அந்த நிமிடமே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். நினைப்பில் பதினைந்து நிமிடம் என்பது பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பாலானது, சவர்க்காரம் அதை உடைக்கிறது. பிறகு பொவிடோன் அயடின். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். விஷக்கடி வைத்தியரிடம் போய் நேரத்தைக் கழிக்க வேண்டாம். ஓதிப் பார்ப்பது மனத்துக்கு ஆறுதல் என்றால் ஊசி போட்டு வந்தபின் ஓதிக்கொள்ளலாம். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. அன்றைக்கே போக வேண்டும். ஒரு வாரம், ஒரு மாதம் கடந்துவிட்டதென்றாலும் போக வேண்டும். நோய்க்குறி வராதவரைக்கும் ஊசிக்கு வேலை இருக்கிறது.

கடித்த மிருகத்தைக் கொல்லக்கூடாது, துரத்திவிடவும் கூடாது. கூட்டில் வைத்துக் கவனிக்க வேண்டும். அது செத்துவிட்டால் புதைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது மிகப் பெரிய பிழை. தலையை ஐசில் வைத்து, போமலின் போடாமல், பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், மூளைதான் சாட்சி. அந்த ஏற்பாட்டைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் மிருக வைத்தியரிடமும் கேளுங்கள். முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்புக்கு ஒரு பூனைத் தலையை அனுப்புவது அலைச்சல் என்று நினைக்கிறவர்கள், அந்தப் பூனையைத் தொட்ட எல்லாருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

வீட்டுப் பூனைக்கு மூன்று மாதம் ஆனதும் விசர்நோய்த் தடுப்பூசி போட்டு, வருடம் தோறும் புதுப்பியுங்கள். செப்டெம்பர் 28 உலக நீர்வெறுப்பு நோய் தினம். அதை ஒட்டி வரும் ஒரு ஜும்ஆவில் இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி கதீப்மாரிடம் கேட்டுக்கொள்வோம். அந்தப் பத்து நிமிடத்தை எந்தச் சுகாதாரத் துண்டுப்பிரசுரத்தையும் விடக் கூடுதலானவர்கள் கேட்பார்கள்.

இந்த வேலைக்குப் பிள்ளையை அனுப்புகிற வாப்பா, உம்மாவுக்கு ஒரு வார்த்தை: சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். ஊசி போட்ட தம்பி, தங்கச்சிக்கு இன்னொரு வார்த்தை: ஊசி போட்டதற்கான அட்டையைப் படம் எடுத்துத் தொலைபேசியில் வைத்திருங்கள். முன்கூட்டி ஊசி போட்டவரும் கடிபட்டால் சும்மா இருக்க முடியாது. கழுவிவிட்டு, அந்த அட்டையைக் காட்டி, முதல் நாள் ஒன்றும் மூன்று நாள் கழித்து ஒன்றுமாக இன்னும் இரண்டு ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.